பின்சீட்டுக்காரன்

மூணாறிலிருந்து மறையூருக்குப் போகிற சாலையோரத்தில், ஜோபி என்கிறவர் சுற்றுலா ஜனத்துக்காக நடத்துகிற பார்க்கில், சுவக்கீன் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லுவார். சனி ஞாயிறென்றால் இருபதைத் தாண்டிவிடும். தேயிலை ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்த ஆள். ரிட்டயரானதும் இந்த வேலை அமைந்தது. கழுத்தில் ஒரு மைக், கையில் ஒரு மூங்கில் குச்சி.

பறக்கிற விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் நூற்றுப் பத்து வருடத்துக்கு முன்னால் உலகப் போருக்கு அனுப்பிய மொரான்-சோல்னியே எல் என்கிற விமானத்தை, கொழிஞ்சாம்பாறையில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஈஸ்வரமூர்த்தி வரைபடத்தைப் பார்த்து அதே அளவில் மரத்திலும் துணியிலும் கட்டிக் கொடுத்தார். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் பழைய மாவு மில்லில் கழற்றிய மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் முன்னால் காற்றாடி சுற்றும். அவ்வளவுதான் அதன் வீரம்.

அந்தச் சாலையில் கண்ணாடிப் பாலம் வைத்தவன் இருக்கிறான், கம்பியில் சைக்கிள் விடுகிறவன் இருக்கிறான். யாரிடமும் இல்லாதது ஒன்று வேண்டுமென்று ஜோபி தேடித் தேடிக் கண்டுபிடித்தது இது. இதற்கு ஒரே ஒரு சிறகு. அதுவும் உட்காருகிறவர்களின் தலைக்கு மேலே குடை விரித்த மாதிரி நிற்கும். படம் எடுத்தால் முகம் மறையாது என்பது ஜோபியின் காரணம். கீழே இருப்பவனை மறைக்காமல் பார்ப்பதற்காகச் சிறகை மேலே தூக்கி வைத்தார்கள் என்பது சுவக்கீன் சொல்லுகிற காரணம். வருகிற ஜனத்துக்கு ஜோபியின் காரணமே போதும்.

சுவக்கீன் சொல்லுவதில் ஒரு சொல் கூடாது, குறையாது. "எண்பது குதிரைச் சக்தி. காற்றாடியோடு சேர்ந்து எஞ்சினும் முழுசாகச் சுற்றும். திரும்புவதற்கு இந்தக் காலத்து விமானம் மாதிரி சிறகில் தனி மடல் கிடையாது. கம்பி இழுக்க இழுக்கச் சிறகே முறுகும்." இந்த இடத்தில் அவர் விமானி உட்காருகிற முன்சீட்டின் குச்சியைச் சாய்ப்பார். துணிச் சிறகின் ஓரம் மெல்ல முறுகும். கூட்டம் "ஓ" என்று சொல்லும். தினமும் அதே இடத்தில், அதே "ஓ".

"வாலில் அசையாத பகுதி கிடையாது, படுக்கை வால் முழுசும் ஆடும். குச்சியை விட்டால் விமானம் தானாக நேராகாது. தரை தொடுகிற வரை விமானியின் கை அதில் இருந்தே ஆக வேண்டும். பின்சீட்டில் இருப்பவருக்கு ஓட்டுகிற வேலை இல்லை. பார்க்கிற வேலை. எதிரி எங்கே குழி தோண்டியிருக்கிறான், பீரங்கி எங்கே, நம் குண்டு எங்கே விழுந்தது. எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும்."

அந்த வாலில்தான் முதலில் தகராறு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஈஸ்வரமூர்த்தி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது வாலை ஆணியடித்து அசையாமல் நிறுத்தியிருந்தார். சுவக்கீனின் மகன் சிஜு அப்போது அப்பாவுக்குத் துணையாகப் பாகங்களைப் பூட்டுகிற வேலைக்கு வந்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்த பையன், வரைபடம் பார்க்கத் தெரியும். "அண்ணாச்சி, வால் முழுசும் ஆடணும், நீங்க ஆணி அடிச்சிட்டீங்களே" என்றான்.

"ஏனுங்க தம்பி, வாலு ஆடுனா ஏரோப்பிளேன் நிக்குமுங்களா? நான் பாத்த ஏரோப்பிளேன்ல எல்லாம் வாலு கம்முனுதானுங்க இருக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் பார்த்ததெல்லாம் கோயமுத்தூருக்கு இறங்குகிற விமானத்தின் வயிறுதான். சிஜு வரைபடத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தான். மறுநாள் ஆணியைப் பிடுங்கி, கீல் வைத்து, கம்பி இழுத்து அவனே சரி செய்தான். முதல் போட்டோவுக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவன்தான். "அப்பா, இவனுக்குத்தான் சொகம். ஓட்டவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வேடிக்கை பாத்தா சம்பளம்!"

அடுத்த பிப்ரவரியில் சிஜு வெளிநாடு போனான். அம்மா சிசிலிக்குக் கொழுந்து பறிக்கிற வேலை இன்னும் இரண்டு வருடம். அது முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு என்று கிளம்பினான். குடோனில் உதவியாள் வேலை என்றுதான் ஏஜென்ட் சொன்னான். போய் இறங்கியதும் வாசிக்கத் தெரியாத பாஷையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பதினைந்து நாள் கழித்து வந்த வீடியோ காலில் சிஜு பட்டாளத்துச் சட்டை போட்டிருந்தான். அந்த ஏஜென்டின் போன் அன்றிலிருந்து இன்று வரை அணைந்தே கிடக்கிறது. நாசமாய்ப் போகிறவன்.

"பயப்படாதீங்கப்பா, துப்பாக்கி வேலை இல்ல. டிரோன் ஓட்டுறது வேற ஆளு. நான் பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனப் பாத்துச் சொல்லணும். நம்ம பின்சீட்டுக்காரன் வேலைதான்" என்று சிரித்தான் சிஜு. சுவக்கீன் அதை அப்படியே சிசிலியிடம் சொன்னார். பின்சீட்டு வேலைதானாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். விமானம் விழுந்தால் முன்சீட்டும் பின்சீட்டும் சேர்ந்துதான் விழும் என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லுகிற மனுஷன், வீட்டில் போய் அப்படிச் சொன்னார்.

இந்த மே மாதம் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு போன் வரவில்லை. ஜூன் மாதம் கம்பம் பக்கத்துப் பையன் அருண்பாண்டி அதே பட்டாளத்திலிருந்து எப்படியோ தப்பி ஊர் வந்து சேர்ந்தான். சுவக்கீன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். வயலில் விழுந்த டிரோனை எடுத்துவர சிஜுவை அனுப்பினார்கள், எதிரிப் பக்கத்து டிரோன் ஒன்று மேலே வந்தது, சத்தம் கேட்டது, பிறகு அந்தப் பக்கம் யாரையும் போக விடவில்லை. அருண்பாண்டி பார்த்தது அவ்வளவுதான். உடலைப் பார்த்தாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான். இல்லை.

சுவக்கீன் திரும்பி வந்து அதைச் சிசிலியிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். மறுநாள் வேலைக்குப் போனார். அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் சரி. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போது இன்றைக்கு எத்தனை கூட்டம் வந்தது என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வராது. வாய் மட்டும் காலையிலிருந்து பேசியிருக்கும்.

ஆகஸ்டில் வில்லேஜ் ஆபீஸிலிருந்து சதீஷ் என்கிற கிளார்க் கூப்பிட்டான். நல்ல பையன். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணே, அங்க ஆள் தெரியாத உடல் கொஞ்சம் வச்சிருக்காங்களாம். அப்பா அம்மா யாராவது ஒருத்தர் ரத்தம் குடுத்தா ஒத்துப் பாப்பாங்க. ஒரு அபேட்ச மனு எழுதிக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாப் போதும். பத்து நிமிச வேலைண்ணே."

சிசிலி ஒத்துக்கொள்ளவில்லை. "பத்து நிமிச வேலையா? நம்ம கையால நாமளே அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுக்கதுக்குப் பேரு பத்து நிமிச வேலையா? எம்புள்ள காணாமப் போயிருக்கான். காணாமப் போனவன் வருவான். நீங்க போய் ரத்தம் குடுத்தீங்கன்னா அதோட இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

சுவக்கீன் சரி என்றார். போ என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். சதீஷ் செப்டம்பரில் ஒரு தடவை கூப்பிட்டான், அக்டோபரில் ஒரு தடவை கூப்பிட்டான். அந்த உடல்களை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், நவம்பர் கடைசிக்குள் கொடுத்தால்தான் உண்டு என்றான் கடைசியாக. சுவக்கீன் அதை மனைவியிடம் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் சிஜுவின் சுகத்துக்காகப் பூசை. பூசை யாருக்காக என்று குறிக்கிற கருத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது சுவக்கீன். ஃபாக்டரியில் லாக் புக் எழுதிப் பழகிய முத்து முத்தான கையெழுத்து. குடும்பத்தில் எதை எழுதுவதென்றாலும் அவர்தான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஐந்து சீட்டு எழுதிவிட்டார். சிஜு, சிஜு, சிஜு. ஒவ்வொரு பூசையிலும் சாமியார் அந்தப் பெயரைச் சொல்லும்போது சிசிலி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள்.

அக்டோபர் கடைசியில் கல்லறைத் திருநாளுக்கான தாள் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எல்லாவற்றையும் பூசையில் வாசிப்பார். சிசிலி காலையில் தாளைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். "இன்னைக்கே எழுதிப் போட்டுருங்க. தோமாஸண்ணன விட்டுறாதீங்க" என்றாள். தோமாஸ் அவளுடைய அண்ணன். தவறி மூன்று வருடமாகிறது.

சுவக்கீன் டிக்கெட் மேஜையில் குனிந்து எழுத ஆரம்பித்தார். அப்பா மிக்கேல், அம்மா ஞானப்பூ. மாமனார் சவரிமுத்து எழுதும்போது இரண்டு பஸ் வந்து நின்றன. "சேட்டா, ஆளு வந்து, வேகம் வா!" என்று ஜோபி வாசலிலிருந்து மலையாளத்தில் கத்தினார். சுவக்கீன் எழுதிக்கொண்டே எழுந்தார். மைக்கை மாட்டியதும் வாய் ஆரம்பித்துவிட்டது. நின்றவாக்கில் மிச்சப் பெயரையும் எழுதி, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தார்.

"முதலில் இதில் துப்பாக்கி கிடையாது. பார்த்துவிட்டு வருவதுதான் வேலை. எதிரி விமானத்தை வழியில் கண்டால் சிலர் கையாட்டிவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். பிறகு பின்சீட்டுக்காரர் கையில் துப்பாக்கி எடுத்துக்கொண்டார். ஆனால் நேர் முன்னால் சுட வழியில்லை. காற்றாடி குறுக்கே சுற்றுகிறது. சுட்டால் நம் காற்றாடியே போய்விடும். 1915 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சு விமானி காற்றாடியின் இரண்டு இதழிலும் எஃகு ஆப்பு பொருத்திக்கொண்டு இயந்திரத் துப்பாக்கியால் காற்றாடிக்கு ஊடாகவே சுட்டார். இதழில் பட்ட குண்டு ஆப்பில் வழுக்கித் தெறிக்கும். மற்றது எதிரிக்குப் போகும்."

கூட்டம் காற்றாடியைத் தொட்டுப் பார்த்தது. ஆப்பு இரண்டும் சுவக்கீன் அடித்துப் பொருத்தியவை.

"சில நாட்களில் எதிரி விமானங்கள் விழுந்தன. அந்த மாதமே அவர் எதிரியின் பக்கம் இறங்க வேண்டி வந்தது. விமானத்தைக் கொளுத்தப் பார்த்தார். முழுசாக எரியவில்லை. எதிரி அதைப் பார்த்தான். சில மாதத்தில் அவனிடம் இதைவிட நல்ல வழி வந்துவிட்டது. பார்ப்பதற்காகச் செய்த விமானத்தின் கதை அப்படி முடிந்தது. நன்றி. வரிசையாக ஏறிப் படம் எடுத்துக்கொள்ளலாம்."

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், கையில் குழந்தையோடு, படம் எடுக்காமல் நின்றாள். "ஏனுங்க, அத்தனை மேல இருந்து பாத்தா கீழ இருக்கற ஆளோட மொகம் தெரியுமுங்களா?"

மனப்பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. சுவக்கீன் மூங்கில் குச்சியை இறக்கினார். "தெரியாதும்மா. ஆள் நடந்து போன தடம் தெரியும். மொகம் தெரியாது."

"இப்பத்த டிரோன்ல?"

"இப்ப தெரியும்" என்றார். "மொகம் நல்லாத் தெரியும்."

அவள் போய்விட்டாள். சுவக்கீன் சிறகின் நிழலில் நின்றார். அப்படியானால் சிஜுவை ஒருவன் பார்த்திருக்கிறான். எங்கேயோ ஒரு அறையில், ஸ்கிரீனுக்கு முன்னால், பக்கத்தில் இருந்தவனிடம் விரலை நீட்டி, அதோ என்று சொல்லியிருக்கிறான். சிஜு நிமிர்ந்து பார்த்தானா, ஓடினானா, விழுந்தானா, விழுந்த பிறகு அசைந்தானா, எல்லாம் அவனுக்குத் தெரியும். பெற்றவர்களுக்குத் தெரியாதது, முன்பின் தெரியாத ஒரு பின்சீட்டுக்காரனுக்குத் தெரியும். அவனும் இதே போல யாரோ ஒருவன் வீட்டுப் பிள்ளையாக இருப்பான். இதையெல்லாம் யோசித்தும் சுவக்கீனுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த கூட்டம் வந்தது. எண்பது குதிரைச் சக்தி என்றார். சாயந்திரம் போகிற வழியில் தாளைக் கோயில் பெட்டியில் போட்டார்.

கல்லறைத் திருநாள் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவா என்று ஜோபி முகத்தைச் சுளித்து அரை நாள் விட்டார். காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் சுவக்கீன். நடைபாதைக்கு அந்தப் புறம் பெண்கள் பக்கம் சிசிலி, அவளுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள். உபதேசியார் தாள்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஒரு வரி சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிப்போன வரி. தூங்குகிறவனை எழுப்பினாலும் சொல்லுவான். சிசிலியின் குரல் எப்போதும் கணீரென்று தனியாகக் கேட்கும்.

"மிக்கேல், ஞானப்பூ, சவரிமுத்து, அருளம்மாள், தோமாஸ், சிஜு" என்று உபதேசியார் வாசித்தார்.

கோயில் மொத்தமும் அந்த வரியைச் சொன்னது. சுவக்கீன் சொன்னார். சிசிலியும் சொன்னாள், கணீரென்று, கடைசிச் சொல் வரை.

உபதேசியார் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். சுவக்கீனுக்கு டிக்கெட் மேஜையும் பாதியில் எழுந்து நின்று எழுதியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஐந்து மாதமாக இதே கோயிலுக்கு இதே பெயரை எழுதிய கை, தோமாஸோடு நிற்காமல் ஒரு வரி கீழே இறங்கி அதையும் எழுதியிருக்கிறது. வாய் எங்கேயோ பேசிக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

அவர் சிசிலியைப் பார்த்தார். அவள் வாய் திறந்தபடி இருந்தது. மெல்ல அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாள். செபமாலையம்மாள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சில் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் சிஜுவைத் தூக்கி வளர்த்தவர்கள், அவனோடு பந்தடித்தவர்கள். ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். சுவக்கீன் சிசிலிக்குப் பின்னாலேயே போனார். வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். மாமனார் கல்லறையில் அவள் மெழுகுவத்தியை நட்டபோது அவரே ஆரம்பித்தார்.

"வேணும்னு எழுதல சிசிலி. மாசா மாசம் எழுதுன கை, தானா எழுதிட்டு. சத்தியமாத் தெரியாது."

"தெரியும்" என்றாள் சிசிலி. "நானும் தெரிஞ்சா சொன்னேன்? வாய் தானாச் சொல்லிட்டு."

ஐந்து பேருக்கும் ஏற்றி முடித்தாள். மெழுகுவத்திப் பாக்கெட்டில் இன்னும் மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கல்லறையிலும் ஆட்கள் குனிந்திருந்தார்கள்.

"ஊருல எல்லாரும் எப்பவோ அவன அடக்கம் பண்ணிட்டாங்க. நம்ம ரெண்டு பேருந்தான் பண்ணல. இத எங்கங்க வைக்கது? பெத்த புள்ளைக்கு ஒரு மெழுகுவத்தி வைக்க ஒரு சாண் எடம் இல்லியே எனக்கு."

சுவக்கீன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மாமனாரின் கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மே மாதத்திலிருந்து வராததெல்லாம் வந்தது. வலித்தது. மார்பு எலும்பெல்லாம் வலித்தது.

சிசிலி அவரைத் தேற்றவில்லை.

"நீங்க அழாம இருந்தீங்கள்லா, அத வச்சித்தான் நான் அவன் உசுரோட இருக்கான்னு நம்பிட்டு இருந்தேன்" என்றாள். "இவருக்கு என்னமோ தெரியும், அதான் அழ மாட்டேங்காருன்னு."

பக்கத்தில் உட்கார்ந்து மெழுகுவத்தியைத் திரும்பப் பாக்கெட்டில் செருகினாள். தன் ரவிக்கையின் இடது கையை முழங்கைக்கு மேலே ஏற்றி, நரம்பு தெரிகிறதா என்று பார்த்தாள்.

"அந்தச் சதீஷ் தம்பிக்குப் போன் போடுங்க. ரத்தத்த என்கிட்ட எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.